ரெண்டு நாள் அண்ணி

எங்கள் தெருவில் என் அண்ணிக்கு "ரெண்டு நாள்" என்று பெயர். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு யார் வந்தாலும், என்ன கோளாறு என்று அவர்கள் முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் "ரெண்டு நாள் ஆகும்" என்பார். கீபோர்டில் டீ கொட்டிவிட்டதா, ரெண்டு நாள். ஆன் ஆகவே மாட்டேன் என்கிறதா, ரெண்டு நாள். ஒருமுறை வழி கேட்பதற்காகக் கடைக்குள் நுழைந்த ஒருவரிடமும் அண்ணி தலையை நிமிர்த்தாமல் அதையே சொல்லி அனுப்பியதாக எதிர்வரிசை லாண்டரிக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார். அது வடிகட்டின பொய். அன்று நான் கடையில் இருந்தேன். வந்தவர் சார்ஜர் வாங்க வந்தவர்.

நான் அவருக்கு நாத்தனார். கடையில் என் வேலை பில் போடுவது, போன் எடுப்பது, சண்டை போடுவது. அண்ணிக்குச் சண்டை போடத் தெரியாது. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, ஐஸ்கட்டி வைக்கும் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு வகை ஸ்க்ரூவைப் போட்டு வைத்துக்கொண்டு, மனிதர்களிடம் பேசுவதைவிட மெஷினிடம் அதிகம் பேசுவார். "என்னடா உனக்கு? ஏன் இப்படி சூடாகுற?" என்று உள்ளே இருந்து குரல் கேட்டால், அண்ணன்தான் லாரி ஓட்டிவிட்டு ஜுரத்தோடு வந்திருக்கிறானோ என்று ஆரம்பத்தில் நான் எழுந்து ஓடியதுண்டு. அவனுக்கு இவ்வளவு கரிசனம் கிடைத்து நான் பார்த்ததில்லை.

சொந்தக் கடை போடுவதற்கு முன் அண்ணி ஆறு வருஷம் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் இருந்தார். அங்கே ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு மெஷின். என்ன கோளாறாக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான்: உள்ளே இருப்பதை அழி, ஓ.எஸ்.ஸைப் புதிதாகப் போடு, அடுத்ததை எடு. ஓ.எஸ். என்பது கம்ப்யூட்டரின் அடிப்படை மென்பொருள். அது எழுந்து உட்கார்ந்தால்தான் மற்றதெல்லாம் நடக்கும். அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டால் மெஷின் குளித்துவிட்டு வந்ததுபோலப் பளிச்சென்று இருக்கும். வாங்கிப் போனவர்கள்தான் மறுநாள் வந்து, என் அது எங்கே, என் இது எங்கே என்று முகம் செத்துப்போய் நிற்பார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல அங்கே வேறு கவுன்டர் இருந்தது. ஆனாலும் அண்ணி உட்கார்ந்த இடத்திலிருந்து அந்தக் கவுன்டர் தெரியும். ஆறு வருஷம் அதைப் பார்த்தது போதும் என்றுதான் வெளியே வந்தார்.

அதனால் எங்கள் கடையில் சட்டம் தலைகீழ். புது மதர்போர்டு போடுகிறோமா, புது ப்ராசஸர் போடுகிறோமா, என்ன மாற்றினாலும் பழைய ஓ.எஸ்.ஸை அப்படியே எழுப்பப் பார்ப்பார். எழுந்திருக்காமல் அடம்பிடித்தால், பழைய போர்டை ஓட்டுவதற்கென்று உள்ளே தங்கியிருக்கும் டிரைவர் என்கிற சின்னச் சின்ன ப்ரோகிராம்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வெளியே போடுவார். அழித்துப் போட்டால் ஒரு மணி நேர வேலை. இப்படிச் செய்தால் நீங்களே சொல்லுங்கள் எத்தனை நாள் என்று.

"அண்ணி, உடம்பெல்லாம் புதுசு, உள்ள மட்டும் பழசா இருந்தா அது எப்படி ஓடும்? அழிச்சுட்டுப் போட வேண்டியதுதானே?" என்று வாரம் ஒருமுறையாவது கத்துவேன்.

"மெஷின் மாறினா மாறட்டும்டி பட்டாசு. அதுல உக்கார்ற ஆள் மாறலையே" என்பார். பட்டாசு நான்தான்.

இன்னொரு வழக்கமும் அவரிடம் உண்டு. எந்த மெஷினையும் திறப்பதற்கு முன், அதன் சொந்தக்காரரை எதிரே உட்கார வைப்பார். "காலையில வந்து உக்காந்ததும் முதல்ல என்ன பண்ணுவீங்க? அதைப் பண்ணிக் காட்டுங்க" என்பார். அவர்கள் செய்யச் செய்ய, பின்னால் நின்று பழைய பில்லின் முதுகில் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொள்வார். உள்ளே என்ன முக்கியம் என்று வாயால் கேட்டால் ஜனங்கள் போட்டோ என்பார்கள், பாட்டு என்பார்கள். கையால் செய்யச் சொன்னால் நிஜம் வந்துவிடும். வேலை முடிந்ததும் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பார்த்த பிறகுதான் மெஷின் கடையை விட்டுப் போகும். இந்த வழக்கத்தில் ஓட்டையே கிடையாது என்று நானும் நம்பியிருந்தேன், அண்ணியும் நம்பியிருந்தார்.

ஒரு புதன்கிழமை டாக்ஸிக்காரர் ஒருவர் ஒரு சிபியூவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். பின்னாலேயே கைத்தடியால் படியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு அதன் சொந்தக்காரர் ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பார்வை கிடையாது. ஆஸ்பத்திரி டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவுசெய்து அனுப்பும் கடிதங்களை வீட்டிலிருந்தே டைப் செய்து கொடுப்பது அவர் தொழில். டைப்பிஸ்ட் சார் என்றே கூப்பிட்டோம்.

"மானிட்டரை விட்டுட்டு வந்துட்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்கும்மா அது?" என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

விஷயம் இதுதான். ஆஸ்பத்திரியில் புது ப்ரோகிராம் கொண்டுவருகிறார்கள். வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணியிலிருந்து எல்லாரும் அதில்தான் கடிதம் ஏற்ற வேண்டும். அவருடைய பழைய மெஷின் அதைத் தாங்காது. உள்ளே போர்டு, ப்ராசஸர், ராம் எல்லாம் மாற்றியாக வேண்டும்.

"திங்கக்கிழமை தவறக்கூடாது மேடம். கண்ணு தெரியாதவருக்கு இந்தப் புது சிஸ்டம் சரிப்படாதுன்னு அங்க ஒரு சூப்பர்வைசர் போன மாசத்துலேர்ந்தே சொல்லிட்டிருக்காரு. ஒரு நாள் தவறினாப் போதும், வேற ஆளைப் போட்டுடுவாரு. பொண்ணு வெளியூர் ஹாஸ்டல்ல படிக்குது. எனக்குத் தெரிஞ்சது இந்த வேலை ஒண்ணுதான்."

அண்ணி தன் வழக்கப்படி மெஷினுக்கு எங்கள் மானிட்டரை மாட்டி, அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். காலையில் செய்வதைச் செய்து காட்டச் சொன்னார். அவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய இயர்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். திரையில் இருப்பதை எல்லாம் படித்துச் சொல்லும் ஒரு ப்ரோகிராம் அவர் மெஷினில் இருந்தது. அது சொல்வதைக் கேட்டுத்தான் வேலை செய்வார். மெஷின் எழுந்தது. எந்த பட்டனையும் தொடுவதற்கு முன், அவர் வலது கை தானாக இடது தோளுக்குப் போயிற்று. சட்டையின் தோள்பட்டைத் தையலைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். பிறகு பத்து விரலும் கீபோர்டில் இறங்கின.

நானும் எத்தனையோ பேர் டைப் அடித்துப் பார்த்திருக்கிறேன். இது வேறு ரகம். திரையில் ஜன்னல்கள் திறப்பதும் மூடுவதும் எங்கள் கண்ணுக்கு எட்டவில்லை. அண்ணி நாலு முறை "ஒரு நிமிஷம் சார்" என்று நிறுத்தி எழுதிக்கொண்டார். ஆஸ்பத்திரி ப்ரோகிராம், மெயில், டாக்டர்களின் பதிவுகள், கடிதங்களின் மாதிரிகள், இப்படி மொத்தம் எட்டு வரி. தோளைத் தடவியதை நான் பார்த்தேன், அண்ணியும் பார்த்திருப்பார். மனிதருக்கு மனிதர் ஏதோ ஒரு பழக்கம் என்று விட்டுவிட்டோம்.

வியாழக்கிழமை காலையில் அண்ணி முதல் வேலையாக அவருடைய டிஸ்க்கை இன்னொரு டிஸ்க்கில் அப்படியே நகல் எடுத்தார். அசலைக் கவரில் போட்டு, பழைய போர்டோடு சேர்த்து ஒரு அட்டைப்பெட்டியில் அலமாரிமேல் வைத்தார். இது கடையின் இன்னொரு சட்டம்: மெஷின் போன பிறகும் நாற்பது நாள் பழசு அங்கேயே இருக்கும். பிறகு புது போர்டு, புது ப்ராசஸர், புது ராம் எல்லாம் போட்டு, நகலை மாட்டி ஆன் செய்தார். மெஷின் பாதி எழுந்து, திரை நீலமாகி, அணைந்தது. திரும்ப எழுந்தது. திரும்ப நீலம். சாயங்காலம்வரை இதே கதை.

எனக்கு மூக்குமேல் கோபம் வந்தது. கடையில் வேறு ஐந்து மெஷின் காத்துக்கிடந்தது. போன் எடுத்து எடுத்துப் பொய் சொல்லி என் வாய் வலித்தது.

"அண்ணி, மொத்தம் எட்டு வரி. எட்டு! அதுக்கு எதுக்கு இவ்வளவு மல்லுக்கட்டு? இந்த ஒரு தடவையாவது என் பேச்சைக் கேளுங்க. அழிச்சுட்டுப் போட்டு முடிங்க. அவருக்குத் திங்கக்கிழமை வேலை ஆகணும், அவ்வளவுதானே?"

அண்ணி பட்டியலை எடுத்து இரண்டு முறை படித்தார். எட்டுமே வெளியே எடுத்து வைத்துக்கொண்டு திரும்பப் போட முடிகிற சமாச்சாரம்தான். நீலத்திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, அழிச்சிடுவோம்" என்றார்.

கடை போட்ட நாளிலிருந்து அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை இரண்டு முறையோ மூன்று முறையோதான் வந்திருக்கும். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிற்று. புது ஓ.எஸ். உட்கார்ந்தது. ஆஸ்பத்திரி ப்ரோகிராம் ஒரு முணுமுணுப்பில்லாமல் உள்ளே போனது. திரையைப் படித்துச் சொல்லும் ப்ரோகிராமையும் இருப்பதிலேயே புதியதாகப் பார்த்துப் போட்டார் அண்ணி. அதில் ஒரு பெண் குரல், செய்தி வாசிப்பவரைப்போல அத்தனை தெளிவு, அத்தனை நிதானம். "எவ்வளவு அழகா படிக்குது பாருங்க" என்று நானே சொன்னேன். எட்டு வரிக்கும் டிக் விழுந்தது.

சனிக்கிழமை காலை டைப்பிஸ்ட் சார் வந்தார். அதே நாற்காலி, அதே இயர்போன். மெஷினை ஆன் செய்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கை தோளுக்குப் போகவில்லை. திரையில் எல்லாம் வந்து நின்று ஒரு நிமிஷம் ஆகியும் அவர் காத்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல ஒரு பட்டனைத் தட்டினார். முகம் சுருங்கியது. இயர்போனைக் கழற்றினார்.

"இது யாரு?" என்று கேட்டார்.

அண்ணிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. அவர் திரும்ப மாட்டிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார், இன்னும் கூட்டினார், தலையை ஆட்டிவிட்டுக் கழற்றிவிட்டார். அப்புறம் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒரு காதில் டாக்டர் பேசுவார். இன்னொரு காதில் மெஷின் அவர் அடித்ததைப் படித்துக் காட்டும். மெஷின் நாம் பேசுவதைப்போல ஆறு மடங்கு வேகத்தில் படித்தால்தான் ஒரு நாளைக்கு அறுபது கடிதம் முடியும். அந்த வேகத்தில் இந்தப் புதுக் குரல் குழைந்துபோகிறது, ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. பழைய குரலை அந்த வேகத்தில் கேட்க அவர் காது ஒன்பது வருஷம் பழகியிருந்தது. மருந்துப் பெயர்களையும் டாக்டர்கள் பெயர்களையும் எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதற்கு ஒவ்வொன்றாகச் சொல்லியும் கொடுத்திருந்தார்.

"இதையும் பழகிக்கலாம் மேடம், முடியாதுன்னு இல்ல. ரெண்டு மாசம் ஆகும். எனக்கு முழுசா ரெண்டு நாள்கூட இல்ல" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே. "குரல்தானே சார், இது இன்னும் நல்லாத்தானே இருக்கு? கொஞ்சம் மெதுவா வேலை பண்ணினாப் போச்சு" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். கோபமெல்லாம் இல்லை. "நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா ஒன்பது வருஷமா எனக்கு எல்லாத்தையும் படிச்சது அந்தக் குரல்தான். என் பொண்ணு பாஸ் பண்ணினதை அதுதான் சொல்லிச்சு. எங்கம்மாவுக்கு என்ன வியாதின்னு டாக்டர் எழுதின லெட்டர், டைப்புக்கு என்கிட்டயே வந்தது. அதையும் அதுதான் படிச்சுது" என்றார்.

அண்ணி அலமாரிமேலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினார். பழைய போர்டையும் அசல் டிஸ்க்கையும் மேஜைமேலேயே பரப்பி, சிபியூ பெட்டிகூட இல்லாமல் ஒயர்களை மாட்டி ஆன் செய்தார். இந்த முறை இயர்போன் இல்லை, ஸ்பீக்கர். மெஷின் எழுந்ததும் தகரத்தில் பட்டாணியைக் கொட்டியதுபோல ஒரு சடசடப்பு, ஒரே ஒரு நொடி. அது பேச்சு என்று எங்களிடம் யாராவது சொன்னால்தான் தெரியும். டைப்பிஸ்ட் சாரின் கை தோள்பட்டைத் தையலுக்குப் போய் வந்தது. முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான்" என்றார்.

அண்ணி ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"சார், என் தப்பு. அன்னிக்கு நீங்க பண்ணினதையெல்லாம் பின்னாடி நின்னு எழுதினேன். உங்க காதுல இருந்த இயர்போனை வாங்கி ஒரு தடவை என் காதுல வைக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை."

அவசரப்படுத்தி அழிக்கவைத்தவள் நான். பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டவர் அண்ணி. "நான்தான் சார் அழிக்கச் சொன்னேன்" என்றேன். "அழிச்ச கை யாரோடதுடி?" என்று அண்ணி என்னை அடக்கிவிட்டார்.

சங்கடம் என்னவென்றால், அந்தக் குரலைச் செய்த கம்பெனியை மூடி வருஷக்கணக்காகிறது. புது ஓ.எஸ்.ஸில் அதைப் புதிதாகப் போட வழியே இல்லை. பழைய ஓ.எஸ்.ஸோ ஆஸ்பத்திரி ப்ரோகிராமுக்கு ஆகாது. மிச்சம் இருந்தது ஒரே பாதை. பழைய ஓ.எஸ்.ஸைப் புது போர்டில் எப்படியாவது நிற்கவைக்க வேண்டும். நின்றுவிட்டால், எதையும் அழிக்காமல் அதன்மேலேயே புது ஓ.எஸ்.ஸை ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் உள்ளே ஏற்கெனவே குடியிருக்கும் குரலும் கூடவே வரலாம். வராமலும் போகலாம்.

"வருமா மேடம்?"

"தெரியாது சார். வியாழக்கிழமையே இதைத்தான் பண்ணியிருக்கணும். வரலைன்னா உங்ககிட்ட மறைக்க மாட்டேன்."

"அப்ப நாளைக்கு நானும் வந்து உக்கார்றேன். அது வந்துச்சா இல்லையான்னு என்னாலதான் சொல்ல முடியும்" என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்கு விடுமுறை. ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருந்தோம். அண்ணி விடியும்போதே வந்து, அசல் டிஸ்க்கை மறுபடியும் நகல் எடுத்துப் புது போர்டில் மாட்டிவிட்டார். ஒன்பது மணிக்கு டைப்பிஸ்ட் சார் குனிந்து உள்ளே வந்தார். காலர் வைத்த, தலைவழியாக மாட்டும் ஒரு சாம்பல் நிறச் சட்டை போட்டிருந்தார். அதை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தார். தையலெல்லாம் வெளியே, பிடரியில் லேபிள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மனைவி ஒரு பேக்கரியில் விடியற்காலை ஷிஃப்ட் என்று முந்தின நாள் சொல்லியிருந்தார். கிளம்பும்போது வீட்டில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சொல்லலாமா என்று யோசித்தேன். அதிகம் பழகாத மனிதர். கண் தெரியாதவரிடம் போய்ச் சட்டையைப் பற்றிச் சொன்னால் கூசிப்போவாரோ என்று இருந்தது. அண்ணிக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் மெஷினை விட்டு வேறு எதையும் பார்க்கிற நிலையில் இல்லை. சரி, கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்று விட்டேன். வாய்க்கு வாய் பேசுகிறவள் என்று பெயர் வாங்கிய எனக்கு அந்த ஒரு வாக்கியம் அன்று முழுக்க வரவில்லை. நேரம் போகப்போக, இத்தனை நேரம் சொல்லாமல் இருந்துவிட்டு இப்போது எப்படிச் சொல்வது என்று இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அண்ணி பழைய போர்டின் டிரைவர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டார். ஒன்றை எடுப்பார், மெஷினைத் திரும்ப எழுப்புவார், நீலத்திரை வரும். "போச்சா மேடம்?" என்பார் டைப்பிஸ்ட் சார், சத்தம் வராததை வைத்து. "போச்சு சார். அடுத்தது" என்பார் அண்ணி. பதினோரு முறை இப்படி நடந்தது. இருவருக்கும் கொஞ்சமும் எரிச்சல் வரவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் வந்தது. பன்னிரண்டாவது முறை, மதியம் ஒரு மணிக்கு, பழைய ஓ.எஸ். புது போர்டில் எழுந்து அசையாமல் நின்றது.

சாப்பிட்டுவிட்டு வந்து, அதன்மேலேயே புது ஓ.எஸ்.ஸை ஏற்ற ஆரம்பித்தார் அண்ணி. இனி யாரும் செய்வதற்கு ஒன்றுமில்லை. திரையில் சதவீதம் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. நான் அதை அவருக்காக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது. ஐம்பத்திரண்டு. எழுபத்தாறில் வந்து நின்றுவிட்டது. கால் மணி நேரம், அரை மணி நேரம், எழுபத்தாறுதான். டைப்பிஸ்ட் சார் கைத்தடியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை எட்டு மணியைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருப்பார். அண்ணி மட்டும் ஆறிப்போன டீயைக் குடித்துக்கொண்டு, "வா, வா, அவசரமில்ல, ஆற அமர வா" என்று மெஷினோடு பேசிக்கொண்டிருந்தார்.

எழுபத்தேழு வந்தது. அப்புறம் நூறும் வந்தது. மெஷின் அணைந்து எழுந்தது. திரையில் புது ஓ.எஸ். பளிச்சென்று நின்றது. ஸ்பீக்கரில் சத்தமே இல்லை.

"வரலையா?" என்றார் டைப்பிஸ்ட் சார், மிகவும் மெதுவாக.

அண்ணி நெற்றியில் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு திரைக்கருகே குனிந்தார். "இருங்க சார். எந்தச் சத்தமும் வரலை. புது போர்டோட சவுண்ட் டிரைவரை இன்னும் நான் போடலை. குரல் போச்சுன்னு இப்பவே சொல்ல முடியாது." போட்டார். ஆஸ்பத்திரி ப்ரோகிராமையும் ஏற்றிவிட்டு மெஷினை இன்னொரு முறை அணைத்து எழுப்பினார்.

தகரத்தில் பட்டாணி கொட்டியது.

டைப்பிஸ்ட் சாரின் வலது கை இடது தோளுக்குப் போயிற்று. கட்டைவிரல் தையலைத் தடவியது. வழக்கம்போலத் திரும்பி வரவில்லை, அங்கேயே நின்றது. புருவம் சுருங்கியது. பிறகு, "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுக் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ஆஸ்பத்திரி ப்ரோகிராமைத் திறந்தார். பழகிப் பார்ப்பதற்கென்று அவர்கள் அனுப்பியிருந்த ஒரு பதிவை ஒரு காதில் போட்டுக்கொண்டு அடிக்கத் தொடங்கினார். விரல்கள் ஓட ஓட ஸ்பீக்கர் சடசடவென்று கூடவே ஓடியது. நான்கு நிமிஷத்தில் கடிதம் முடிந்து, ஏறிவிட்டதாகத் திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது.

"போயிடுச்சு. நாளைக்கு எட்டு மணிக்கு நான் தயார் மேடம்" என்றார். அண்ணி ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

டைப்பிஸ்ட் சார் நாற்காலியை எங்கள் பக்கம் திருப்பினார். கையைப் பிடரிக்குக் கொண்டுபோய் லேபிளைத் தேடிப் பிடித்தார். சத்தமாகச் சிரித்தார். "காலையிலேர்ந்து இப்படியேவா உக்காந்திருக்கேன்?" என்றார்.

நாங்கள் முழித்தோம். அவர் குரலின் வேகத்தை நம் பேச்சளவுக்குக் குறைத்து, மெஷினைத் திரும்ப எழுப்பினார். மூக்கடைத்த மனிதர் தகரக் குழாய் வழியாகப் பேசுவதுபோன்ற அந்தக் குரல் சொன்னது: "அப்பா, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. தையலைத் தொட்டுப் பாருங்க."

"என் பொண்ணு எட்டு வயசுல பண்ணின வேலை. காலையில அவங்கம்மா ஷிஃப்டுக்குப் போயிடுவாங்க. நானும் இதுவும்தான் வீட்டுல. மெஷினை ஆன் பண்ணினா முதல்ல இதைச் சொல்ற மாதிரி எனக்குத் தெரியாம வச்சுட்டா. எடுக்கவும் விடலை. நூறு நாள்ல ஒரு நாள்தான் திருப்பிப் போட்டிருப்பேன். இருந்தாலும் தினம் தொட்டுப் பார்த்துடுவேன். நாலு நாளா இது வீட்டுல இல்லையா, விட்டுப்போச்சு" என்றார்.

காலையில் முதலில் என்ன செய்வீர்கள் என்று அண்ணி கேட்டார். புதன்கிழமை எங்கள் கண் முன்னாலேயே அவர் அதைச் செய்து காட்டியிருக்கிறார். எட்டு வரிப் பட்டியலில் அது இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் கவனிக்கலையா?" என்று கேட்டார். சும்மா கேட்டதுதான்.

"சத்தியமா நான் பார்க்கலை சார். மெஷினுக்குள்ளயே இருந்துட்டேன்" என்றார் அண்ணி.

நானும் அப்படியே சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியப்போவதில்லை. "நான் பார்த்தேன் சார். நீங்க உள்ள வரும்போதே பார்த்தேன்" என்றேன்.

"சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் அவர்.

அதில் குறையோ கோபமோ இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. எவனோ மூடிவிட்டுப் போன கம்பெனியின் தகரக் குரல் முதல் நொடியில் சொன்னதை, எட்டு மணி நேரம் எதிரில் உட்கார்ந்து சதவீதம் சொல்லிக்கொண்டிருந்த நான் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. தலைகுனிந்து நின்றேன். அப்படி நின்றதும் அவருக்குத் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. "தப்புதான் சார், மன்னிச்சிடுங்க" என்று வாயைத் திறந்து சொன்னேன்.

அவர் எழுந்து, சட்டையைக் கழற்றிச் சரியாகப் போட்டுக்கொள்ள இடம் கேட்டார். உதிரிப்பாகங்கள் வைத்திருக்கும் பின்னறைக்கு அழைத்துப்போய் விட்டேன். அவர் உள்ளே இருந்தபோது, அண்ணி அந்தப் பழைய பில்லை எடுத்து, எட்டு வரிக்கும் மேலே இருந்த சின்ன இடத்தில் நெருக்கி ஒரு வரி எழுதி டிக் போட்டார்.

டைப்பிஸ்ட் சார் வெளியே வந்தார். அண்ணி இருந்த பக்கம் போகவில்லை. என் குரல் கடைசியாகக் கேட்ட இடத்தைக் கணக்காகப் பிடித்து நேரே என் எதிரில் வந்து நின்று, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டுக்கொண்டார்.

"இப்ப சரியா இருக்கா? பார்த்துச் சொல்லுங்கம்மா."

நான் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். தோள், கை, பக்கவாட்டுத் தையல், பிடரி எல்லாம் பார்த்தேன். காலரில் ஒரு பக்கம் மட்டும் உள்ளே மடிந்திருந்தது.

"இடது பக்கம் காலர் மடிஞ்சிருக்கு சார்" என்றேன்.

அவர் எடுத்துவிட்டுக்கொண்டார்.